முள் நகராத நாட்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களுக்கு அது இனப்பெருக்க காலம், படகுகளுக்கு வைத்தியம் பார்க்கும் காலம். நாகப்பட்டினத்தில் சித்தப்பாவின் படகையும் கரையேற்றியிருந்தார்கள். பெயின்ட், பலகை, வலை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்த சித்தப்பா, இன்ஜினை மட்டும் தொட விரும்பவில்லை. "முள்ளு எண்பதத் தாண்டவே இல்லடா. நல்லா ஓடுறதப் போயி எதுக்குக் கழட்டணும்?" என்றார். அவருடைய கவலை வேறு. படகு ஒவ்வொரு முறையும் ஏலம் முடிகிற நேரத்துக்குத்தான் கரைக்கு வருகிறது, மீன் பாதி விலைக்குப் போகிறது. டிரைவருக்கு வயதாகிவிட்டது, தடைக்காலம் முடிந்ததும் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

டிரைவர் அண்ணன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "கூலர மட்டும் ஒருவாட்டி கழட்டிப் பாத்துரலாம்ணே."

கூலர் என்று அவர் சொல்வது ஹீட் எக்ஸ்சேஞ்சரை. லாரி இன்ஜினுக்கு ரேடியேட்டரும் காற்றும் போதும். படகில் சூட்டை வாங்கிக்கொள்ளக் கடலே இருக்கிறது. ஆனால் உப்புநீரை நேராக இன்ஜினுக்குள் விட்டால் வார்ப்பிரும்பை அரித்துவிடும். அதனால் இரண்டு தண்ணீர்கள். கூலன்ட் கலந்த நன்னீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். கடல்நீரை ஒரு பம்ப் உள்ளே இழுத்து வெளியே தள்ளும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற இடம் கூலர். ஓர் உருளை, அதற்குள் பென்சில் தடிமனில் கத்தையாகக் குழாய்கள். குழாய்களுக்குள் கடல்நீர், வெளியே நன்னீர், நடுவில் மெல்லிய செம்பு-நிக்கல் சுவர். சூடு மட்டும் சுவரைத் தாண்ட வேண்டும், தண்ணீர் தாண்டக் கூடாது.

கடைசியில் சித்தப்பா அரைமனதாகச் சரி என்றார். கூடமாட உதவிக்கு நான் போனேன்.

கூலன்டை வாளியில் வடித்தோம். ஹோஸ்களைக் கழற்றி, இரண்டு பக்க மூடிகளையும் திறந்தோம். குழாய்க் கத்தை எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அண்ணன் முதலில் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வைத்தார். அதைத் திருப்பி மாட்டினால் நன்னீரின் ஓட்டம் மாறிப்போகுமாம். கத்தை அசையவில்லை. உருளைமேல் வெந்நீர் ஊற்றி, மரக்கட்டை வைத்து, கட்டையின்மேல் மெதுவாகத் தட்டித் தட்டி வெளியே எடுத்தார்.

முதலில் விழுந்தவை இரண்டு கறுப்பு ரப்பர் துண்டுகள். "போன வருசம் பம்ப் இம்பெல்லர் மாத்துனோம்ல, அதுல ஒடஞ்ச எறக்கை. புதுசு போட்டாங்க, பழசு எங்க போச்சுன்னு யாரும் தேடல." அடுத்து ஜிங்க். கடல்நீரில் வேறு வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று அரிபட்டே தீரும். அந்த அரிப்பை வாங்கிக்கொள்ளவே ஒரு துத்தநாகத் துண்டைப் பித்தளை மூடியில் திருகி உள்ளே வைப்பார்கள். எங்கள் கூலரில் மூடி மட்டும்தான் மிச்சம். துத்தநாகம் முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

குழாய்களை எண்ணினேன். 60-ல் 17 முழுசாக அடைபட்டிருந்தன. மற்றவற்றின் உட்சுவரில் வெள்ளைப் படிவு. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புப் படிவான கால்சியம் கார்பனேட் அதற்கு நேர் எதிர், சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். அதனால் சூடான சுவரில்தான் அது போய் ஒட்டுகிறது. சூட்டைக் கடத்துவதில் அந்த உலோகத்தின் பக்கத்தில்கூட நிற்க முடியாத பொருள் அது. எங்கே சூடு வெளியேற வேண்டுமோ, சரியாக அங்கேயே போர்வை போர்த்துகிறது.

பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை நிரப்பி, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "எப்பவும் தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும் தம்பி. ஆசிட்ல தண்ணிய ஊத்தாத, மூஞ்சில தெறிக்கும்." கத்தையை இறக்கியதும் சோடா போலப் பொங்கியது. நுரை அடங்கியதும் உடனே எடுத்துவிட்டார். அதற்குமேல் விட்டால் ஆசிட் உலோகத்தில் கைவைக்கும். சோடா உப்புத் தண்ணீரில் அலசினோம். மிச்ச அடைப்புக்கு நான் இரும்புக் கம்பியைத் தேட, அவர் மூங்கில் குச்சியை நீட்டினார். "கம்பி போட்டுக் குத்துனா இன்னைக்குச் சுத்தம், நாளைக்கு ஓட்டை."

பிறகு கத்தையை உருளைக்குள் நுழைத்து, நன்னீர்ப் பக்கத்து வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றேற்றித் தொட்டியில் அமிழ்த்தினோம். ஒரே ஒரு குழாயிலிருந்து குமிழி வந்தது. அதன் இரண்டு முனைகளையும் பித்தளை ஆப்பு அடித்து மூடினார்.

எனக்கு ஒரு சந்தேகம் போகவில்லை. இத்தனை அடைப்பில் முள் எப்படி எண்பதிலேயே நின்றது?

பதிலில் பாதி தெர்மோஸ்டாட். இன்ஜின் சூட்டை ஓர் அளவில் பிடித்துவைப்பது அதன் வேலை. கூலர் பலவீனமாக ஆக, அது இன்னும் கொஞ்சம் திறந்து இன்னும் கொஞ்சம் நன்னீரைக் கூலருக்கு அனுப்பும். முள் அசையாது. தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்த பிறகுதான் முள் ஏறத் தொடங்கும். அப்போது கையிருப்பு எதுவும் மிச்சமிருக்காது. நான் பிழைப்பதும் இந்த மாதிரி முட்களைப் பார்த்துத்தான். சுமை கூடினால் தானாகவே சர்வர்களைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகளில், வரைபடம் கடைசி நாள்வரை அழகாகவே இருக்கும்.

மீதிப் பாதி அண்ணனிடம் இருந்தது.

"எத்தன ஆர்பிஎம்ல ஓட்டுறீங்கண்ணே?"

"மொதல்ல ஆயிரத்தி அறுநூறு. தீபாவளிக்கப்புறம் ஆயிரத்தி ஐநூறு. இப்ப ஆயிரத்தி முந்நூறத் தாண்டுனா முள்ளு எழும்புது. அதனால தாண்டுறதில்ல."

பக்கத்தில் நின்ற சித்தப்பா, "இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"கூலரப் பாக்கணும்னு சொன்னேன்லண்ணே."

தெர்மோஸ்டாட் தோற்ற இடத்தில் அந்த மனிதர் தன் கையால் முள்ளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அதற்குக் கிடைத்த பெயர் 'மெதுவாக ஓட்டுகிறவர்'. வேகமாக ஓட்டுகிற புது ஆள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோடியக்கரைக்குக் கிழக்கே இன்ஜின் நின்றுபோன படகு, நீரோட்டம் இழுக்கிற பக்கம்தான் போகும். 1974-லிலும் 1976-லிலும் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லை தண்ணீரில் தெரியாது. தாண்டினால் சிறை, படகும் போகும்.

சித்தப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. புது ஓ-ரிங் வாங்கக் கடைக்குப் போனவர் ஜிங்க் மட்டும் நான்காக வாங்கி வந்து, "வருசம் முழுக்க இருக்கட்டும், நீயே வச்சுக்க" என்று அண்ணன் கையில் கொடுத்தார். புது டிரைவர் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

ஜூன் கடைசியில் போன் பண்ணியபோது படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. சித்தப்பா வேறொரு போனில் அண்ணனோடு பேசுவது எனக்கும் கேட்டது. முள் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "எத்தனைல ஓட்டிட்டு வர்ற?" என்று கேட்டார்.