சுபம்!

கம்பத்தில் திராட்சை பழுத்துத் தொங்கும் காலத்திலும் எங்கள் பாட்டியின் கண் தோட்டத்தின் மீது இராது; தொலைக்காட்சிப் பெட்டியின் மீதுதான் இருக்கும். 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாரின் கதை அல்லவா? பாட்டிக்கும் பெண்கள் ஐவர்! கடைசிப் பெண்ணான என் சித்தி, புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து அப்போது ஆறு மாதமாகியிருந்தது.

கடைசி நாளன்று மின்சாரம் தடைப்படாதிருக்கச் சுருளி வேலப்பருக்குப் பிரார்த்தனை! கதை முடிந்தது.

"திருப்திதானே, பாட்டி?" என்றேன்.

"இதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எப்படி இருப்பார்கள்? அதைச் சொல்லவில்லையே!" என்றாள்.

1954-ல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதும் இதே குறைதான். மூன்றரை ஆண்டு வாரந்தோறும் காத்திருந்த வாசகர்கள், 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்டார்கள். கல்கி அவர்கள் ஒரு முடிவுரை எழுதி விடை சொன்னார்.

பாட்டியின் பார்வை சமையலறைப் பக்கம் சென்றது. அங்கே சித்தி பாத்திரங்களை அடுக்கிக் கொண்டிருந்தாள். அவள் கதைக்கு முடிவுரை எழுத எந்த ஆசிரியர் வருவார்?

ஒருவரும் வரவில்லை. மறு வருஷம் சித்தி ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள். இன்று அவளிடம் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். பாட்டி அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.