ரப்பர் தேயலாம், சுவர் தேயக் கூடாது

பழைய பைக்கின் முன் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. இந்தக் கோளாறோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் இரண்டு யோசனை கிடைக்கும். ‘மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போட்டுவிடலாம்’ என்பது ஒன்று. ‘பிரேக் விஷயத்தில் விளையாடாதீங்க, அசெம்பிளியையே மாத்துங்க’ என்பது மற்றொன்று. இரண்டாவதில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் புளியங்குடி மாதிரி ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் முதல் யோசனையே சரி என்பது என் கட்சி. சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன யோசனையாக மட்டும் அது இருக்க வேண்டும்.

இங்கே பழைய வண்டி என்பது வேடிக்கைக்கு வைத்திருக்கும் பொருள் இல்லை. எலுமிச்சை மண்டிக்கு மூட்டை ஏற்றிப் போவதும் அதுதான். 744-ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் இறங்குவதும் அதுதான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கை ஹோண்டா 1969-இல் சிபி 750-இல் போட்டுவிட்டது. நம் ஊர்ச் சாலைகளில் அது பழக்கமானது 1999-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட், அதன் பின் வந்த பல்சர் போன்ற வண்டிகளால்தான். அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இப்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. கம்பெனி அசெம்பிளி எளிதில் அகப்படாது. அகப்படுவதில் எது அசல், எது போலி என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும் போலிப் புதுசைவிட, வழுவழுப்புக் குறையாத பழைய அசலை நான் நம்புவேன்.

அந்தச் சுவரில்தான் விஷயம் முழுதும் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் என்பது அரை அங்குலத்தை ஒட்டிய ஒரு துளை. உள்ளே பிஸ்டன், ஸ்பிரிங், இரண்டு ரப்பர் கப். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் இதைப் போல இரு மடங்கென்றால், பாஸ்கல் விதிப்படி அங்கே கிடைக்கும் விசை நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தைத் தாங்குவது கப்பின் விளிம்பு. அழுத்தம் ஏற ஏற அது சுவரோடு இன்னும் இறுகிப் பதியும். முன் கப் தேய்ந்தால் லீவர் இறங்கும். பின் கப் தேய்ந்தால் லீவர் பக்கம் ஈரம் தெரியும். லீவர் பஞ்சு போல அமுங்கினால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கிறது. கப் தேய்வதற்கென்றே செய்த பாகம், மாற்றினால் முடிந்தது. அலுமினியச் சுவரில் குழி விழுந்துவிட்டால் அப்படி இல்லை. எமரி பேப்பரைச் சுற்றித் தேய்த்து அதை வழுவழுப்பாக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. மேல்பூச்சும் போகும், துளையும் பெருக்கும், புதுக் கப்பும் சில மாதத்தில் பழைய கதைக்கே வரும். சுவரில் நகம் தட்டினால் சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த இடத்தில் ‘அசெம்பிளியை மாத்துங்க’ என்பவர் கட்சியே என் கட்சியும்.

சுவரில் குழி ஏன் விழுகிறது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பாரத்தோடு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகி, லீவர் வெறுமனே உள்ளே போகும். அதே நீர்தான் அலுமினியத்தையும் அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? மட்டம் குறைந்தால் ஊற்றுவதோடு சரி. பேடு தேய்ந்தாலும் மட்டம் குறையும் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. இந்தப் பழக்கம் மாறாதவரை புது அசெம்பிளியும் அதே வழியில்தான் போகும்.

தெருவோரத் தூசியில் செய்யும் வேலையை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் உண்டு. கழுவ பெட்ரோலைத் தொட்டாலே கப் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும். ஆயில் கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்ப வழியில்லாமல், பிரேக் தானாகவே பிடிக்கும். பழைய கேபிளின் ஒற்றைக் கம்பி இழை போதும், அடைப்பை எடுத்துவிடலாம். வேலை முடித்து மூடியைத் திறந்து வைத்து லீவரை லேசாகத் தொட்டால், அந்தத் துளையிலிருந்து ஆயில் சின்னதாகப் பீறிட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. இதைப் பார்க்காத கை புது அசெம்பிளி மாட்டினாலும் ஏர் எடுப்பதில் கோட்டை விடும்.

கூலியும் கிட்டும் சேர்த்தால் புதுசின் விலையே வந்துவிடுகிறதே என்றால், சில வண்டிகளுக்கு அது உண்மைதான். அசல் கிடைக்கும் வண்டியாக இருந்தால் புதுசே வாங்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. அதன் மாடுலேட்டருக்குள் ஏர் சிக்கினால் வெளியேற்றுவதற்குச் சில வண்டிகளில் ஸ்கேனர் வேண்டும். அங்கே கிட்டோடும் ஸ்பானரோடும் உட்கார்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.