பட்ட மரத்தின் கணக்கு
மைசூர்ச் சீமைப் பயணம் – 3

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் வழியாக மேல்கோட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். இருட்டியபின் வந்து சேர்ந்ததால் நேற்று ஊரே கண்ணில் படவில்லை. இன்று காலை யோக நரசிம்மர் குன்றின் படிகளில் ஏறியபோதுதான் மேல்கோட்டை முழுதாகத் தெரிந்தது. கீழே கல்மண்டபங்கள் சூழ்ந்த கல்யாணிக் குளம், செல்வப்பிள்ளை கோயிலின் கோபுரம். அதற்கப்பால் பாறையும் முட்புதரும் காய்ந்த புல்லுமாக விரியும் வறண்ட காடு. ஓநாய்களுக்கென்று 1974-இல் சரணாலயமான நிலம் இதை ஒட்டித்தான் கிடக்கிறது.

பாதிப் படியில் ஒரு பெரியவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். தமிழை வீட்டுக்குள் இன்னும் பேசிவரும் மண்டயம் ஐயங்கார்.

"எங்கேர்ந்து வரேள்?"

"சென்னையிலிருந்து, மாமா."

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பட்ட மரத்தை அவரும் பார்த்தார். "மழையே இல்லாத வருஷம் அது நன்னாத்தான் இருந்தது. அப்புறம் நல்ல மழை பெஞ்சுது. அப்பத்தான் பட்டுப்போச்சு."

அந்தச் சொல் என்னை அங்கேயே உட்காரவைத்தது. இதே உண்மையைத்தான் ஒருவர் முதுமலையில் மரம் மரமாக எண்ணிக் கண்டிருக்கிறார்.

சென்னையில் பிறந்த ராமன் சுகுமாரை யானை ஆய்வாளராகவே பலரும் அறிவார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அவரும் குழுவினரும் 1988-இல் முதுமலைக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலத்தில் 50 ஹெக்டேரை அளந்து எடுத்துக்கொண்டார்கள். தண்டு ஒரு சென்டிமீட்டர் தடித்த எதையும் விடவில்லை. ஏறத்தாழ 26,000 மரங்களும் செடிகளும் எண் பெற்றன. அதன்பின் ஆண்டுதோறும் அதே மரங்களிடம் திரும்பிப் போனார்கள்: எது இருக்கிறது, எது போயிற்று, எது புதிதாக முளைத்தது?

யானை முறித்தது தெரிந்தது. தீ சிறு தண்டுகளைக் கொன்றதும் பெரிய மரங்கள் பெரும்பாலும் பிழைத்ததும் தெரிந்தன. வறட்சியின் கணக்குதான் உடனே பிடிபடவில்லை. மழை பொய்த்த ஆண்டில் பெரிய மரம் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்தே சாகிறது. இடையில் ஒருமுறை மட்டும் வந்து போகிறவருக்கு அது செழித்த காடாகவே தெரியும்.

சுகுமார் இன்னும் பழைய கணக்கு ஒன்றையும் எடுத்துப் பார்த்தார். நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் மக்காமல் படிந்த கரிமண்ணை ஆர். ரமேஷ் உள்ளிட்ட அறிஞர்களோடு ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். மரங்களும் வெப்பநிலப் புற்களும் காற்றிலுள்ள கார்பனை வெவ்வேறு விதமாக எடுத்துக்கொள்கின்றன. கனமான கார்பன்-13 புல்லில் கூடுதலாகத் தங்கும். ஆகவே மண்ணின் எந்த அடுக்கில் புல் ஓங்கியது, எதில் மரம் ஓங்கியது என்று படித்துவிடலாம். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனியில் உறைந்திருந்தபோது, நீலகிரி வறண்டு புல் ஓங்கியது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து மரங்கள் ஏறிவந்தன.

பனிக்காலத்தின் உச்சத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 190 பங்கு. அது 280-ஐ எட்டப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. தொழிற்புரட்சிக்குப் பின் இரண்டே நூற்றாண்டுகளில் அதை 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். மூன்றாண்டு தாமதித்துச் சாகும் மரத்துக்கு இந்த வேகத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? காடு பச்சையாக நிற்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ளும் வேளையில் அதற்கான தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருக்கலாம். அதனால்தான் ஆண்டுதோறும் திரும்பிப் போய் எண்ணுகிறவர்கள் நமக்கு இவ்வளவு வேண்டியவர்களாகிறார்கள்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "பங்குனியில வைரமுடி உற்சவத்துக்கு வாங்கோ. வருஷா வருஷம் வந்தாத்தான் மலை தெரியும்."

வருகிறேன் என்றேன். இறங்கும்போது வழியில் தளிர்த்து நின்ற ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சென்ற மழைகளில் எதன் கடனை அது இன்னும் சுமக்கிறதோ! அடுத்த பங்குனியில் முதலில் இதனிடம்தான் வரவேண்டும்.

அடுத்த வாரம் முதுமலை.

(தொடரும்)