மாமா பார்த்த முகமது அலி

சூளூர்பேட்டையில் எனக்குத் தெரிந்து முகமது அலியை நேரில் பார்த்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி, தண்டையார்பேட்டையில் வளர்ந்தவர். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன் வேலை. எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். மெட்ராஸை விட்டு யாராவது சூளூர்பேட்டைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்களா என்று அப்பா வெகு நாள் அதிசயப்பட்டார். காரணம் அம்மாவுக்குத் தெரியும். எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமாவின் மூக்குத்தண்டு இடப்பக்கமாகச் சற்று ஒதுங்கியிருக்கும். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. தெலுங்குக்காரப் பிள்ளைகள் அவரை 'பாக்ஸர்காரு' என்று கூப்பிடுவார்கள். டியூட்டி முடிந்த சாயங்காலங்களில் காளங்கி ஆற்று மணலுக்கு எங்களை இழுத்துப் போவார். பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்து வைத்திருப்பார். அதை முதலில் மணிக்கட்டில் சுற்றி, புறங்கைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைத்து எடுத்து, கடைசியில் முட்டிகளின் மேல் இறுக்கிச் செருகுவார். விரல்கள் விறைத்துப்போகும். "கட்ட வெரல உள்ள மடக்காதடா. மொதல்ல ஒடையறது அதான்" என்று வெளியே இழுத்துவிடுவார். பிறகு குதிகால் மணலில் படாமல் நிற்கச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பிக்கும். குத்துவதற்குக் கை கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அவர் எங்களுக்கு வெறும் காலைத்தான் கற்றுக்கொடுத்தார்.

அப்போது எங்கள் ஊர் நெல்லூர் ஜில்லா. இப்போதுதான் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். வெளியுலகத்துக்கு எங்கள் ஊரை அடையாளம் சொன்னது ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்டில் முதல் எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பி, சில நிமிடங்களில் வங்கக்கடலில் விழுந்தது. அந்தத் துக்கம் ஊரில் பல மாதம் இருந்தது. அடுத்த ஜூலையில் இரண்டாவது ராக்கெட் ரோகிணியைச் சுமந்து மேலே போயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவே, 1980 தொடக்கத்தில், அலி மெட்ராஸுக்கு வந்தார்.

மாமா யார் யாரையோ கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு பாசஞ்சரில் ஏறினார். தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று அந்த வண்டி எல்லா ஊரிலும் நின்று சென்ட்ரலுக்குப் போய்ச் சேரும். வெளியே வந்தால் மூர் மார்க்கெட். அதைத் தாண்டினால் நேரு ஸ்டேடியம். மாமாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகத் தெரிந்த வழி. அந்த வட்டாரத்தில்தான் கண்ணப்பர் திடல் முதலான இடங்களில் மேடை போட்டுப் பரம்பரைச் சண்டைகள் நடந்தன. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று வடசென்னை அந்த நாளில் பரம்பரைகளாகப் பிரிந்து கிடந்தது. பேர்தான் பரம்பரை, பிறப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்த வாத்தியாரிடம் கை கட்டிக்கொண்டாயோ அது உன் பரம்பரை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், மீன் பிடிக்கிறவர், மில்லில் வேலை பார்க்கிறவர் எல்லாம் சாயங்காலமானால் குளோவ்ஸ் மாட்டினார்கள். 'ரோசமான குத்துச்சண்டை' என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும். குத்துச்சண்டைக்காரர் நாட் டெர்ரியை வீழ்த்திய கித்தேரி முத்துவின் பேரை மாமா சொல்லும்போது குரலே மாறிவிடும். அவருக்குப் பெரியார் 'திராவிட வீரன்' என்று பட்டம் கொடுத்த கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எவரும் சாப்பிட்டு எழுந்ததில்லை.

மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த மாமா பல நாளைக்குத் தரையில் நடக்கவில்லை. ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார். அந்தத் தவணையில் முதலமைச்சராக அவர் கலந்துகொண்ட கடைசிப் பெரிய கூட்டங்களில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், பிப்ரவரி 17-ல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். மேடையில் அலிக்கு எதிரே ஜிம்மி எல்லிஸ். நம் ஊர் சாம்பியன் ராக்கி பிராஸும் அலியோடு மேடை ஏறிக் கை நீட்டினார். அது பந்தயச் சண்டையில்லை, காட்சிச் சண்டை. அப்போது அலிக்கு 38 வயது. முந்தின வருஷமே ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டிருந்தார். இடுப்பில் சதை போட்டிருந்தது என்று மாமாவே சொன்னார். ஆனால் அந்தக் கால்! எங்கள் வீட்டுக் கூடத்தில், சிம்னி விளக்கு வெளிச்சத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அலியின் காலாட்டத்தை அவர் ஆடிக் காட்டுவார். சுவரில் நிழல் குதிக்கும். பாட்டி, "ராத்திரி வேளையில என்னடா கூத்து" என்று திட்டுவாள். மாமா நிறுத்த மாட்டார்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலிருந்து 'தி ரிங்' பத்திரிகையின் பழைய இதழ்களை வாங்கி வந்து என்னைப் படிக்கச் சொல்வார். என் இங்கிலீஷ் அங்கே பிறந்ததுதான். அந்தத் தாள்களின் வழியாக லூயிவில் எனக்கு கூடூரைப் போலப் பக்கத்து ஊராகிவிட்டது. பன்னிரண்டு வயதில் சைக்கிளைத் திருட்டுக் கொடுத்த பையன், திருடனை உதைப்பேன் என்று கத்த, ஜோ மார்ட்டின் என்கிற போலீஸ்காரர் முதலில் சண்டை கற்றுக்கொள் என்று கூட்டிப்போன கதை. 1960-ல் ரோமில் ஒலிம்பிக் தங்கம். 1964-ல் சோனி லிஸ்டன் மாதிரி ஒரு முரடனை, 22 வயதில், ஏழாவது ரவுண்டுக்கு எழுந்திருக்க முடியாமல் செய்தது. ஜிம்மி எல்லிஸும் அதே லூயிவில்தான், சின்ன வயதிலேயே அலிக்குப் பழக்கம். அலியின் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட காலத்தில் உலகப் பட்டங்களில் ஒன்று எல்லிஸிடம் இருந்தது. 1971-ல் அலி அவரையே பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்கடித்தார். அப்படிப்பட்ட இரண்டு பேர் நம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் நின்று நமக்காக விளையாட்டாகக் குத்திக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

மாமாவுக்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது 1967 சமாசாரம். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று அலி சொன்னார். பட்டம் போயிற்று, லைசென்ஸ் போயிற்று. 25 வயதில் நிறுத்தப்பட்டவர் மறுபடி மேடை ஏறும்போது 28. ஒரு குத்துச்சண்டைக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்கள் அவை. 1971-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. போன வருஷங்களை எந்தக் கோர்ட்டாலும் கொடுக்க முடியவில்லை. மாமா இதைக் கேட்டுவிட்டு, "காலு போச்சுடா. அப்புறம் வந்தவன் வாங்கிக்கினு ஜெயிச்சவன்" என்பார். இதைவிடச் சரியாக அலியின் பின்பாதியை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. திரும்பி வந்த அலிக்கு நழுவி ஓட முடியவில்லை, அதனால் வாங்கக் கற்றுக்கொண்டார். 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனின் அடிகளைக் கயிற்றில் சாய்ந்தபடி பல ரவுண்டு வாங்கினார், எட்டாவதில் வீழ்த்தினார். உலகம் கை தட்டியது. அந்த அடியெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்?

மணிலா கட்டுரையை மட்டும் மாமா முழுசாகப் படிக்க விடமாட்டார். 1975 அக்டோபர் 1, அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் மூன்றாவது சண்டை. பதினாலு ரவுண்டு முடிந்தபோது ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை. பதினைந்தாவதுக்கு எழப்போனவரை அவருடைய வாத்தியார் எட்டி ஃபட்ச் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டார். சண்டை முடிந்தது. அந்த இடம் வந்ததும் மாமா தாளைப் பிடுங்கிவிடுவார். "எழுந்தவன உக்கார வெக்க இவன் யாருடா?"

அவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அம்மா சொல்லித்தான் தெரியும். அவருடைய கடைசிச் சண்டையில், புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருக்க, மாமா நிற்கிறார். அவருடைய வாத்தியார் மேடையில் துண்டை வீசிவிட்டார். வேறு பரம்பரைக்காரன் முன்னால், தெருவே பார்த்துக்கொண்டிருக்க. அந்த மேடையில் தோல்வி அவ்வளவு சாதாரணமில்லை, அவமானம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போகும் குழாயடி வரை வரும். மாமா அன்றோடு குளோவ்ஸைக் கழற்றினார். வாத்தியாரோடு பேச்சை நிறுத்தினார். பிறகு மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தார்.

அலி இந்தியாவில் இருந்தபோதே அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு திரட்டுவதற்காக. தான்சானியாவில் அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்தார். சர்க்காருக்கு முடியாது என்று சொல்லிப் பெயர் வாங்கியவரைச் சர்க்கார் தூது அனுப்பியதில் எனக்கு இன்றும் வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் அந்த அக்டோபரில் வந்தது. ஓய்வு பெற்றவர் திரும்பி வந்து லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸ் அலிக்கே பயிற்சியில் துணைக்கு நின்றவர். மாமா தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு சாப்பிடாமல் டியூட்டிக்குப் போனார்.

முழு விவரம் எனக்குப் பின்னால் புத்தகங்களில்தான் கிடைத்தது. சண்டைக்குச் சில மாதம் முன்பு மேயோ கிளினிக்கில் அலியைச் சோதித்திருக்கிறார்கள். விரலால் மூக்கு நுனியைத் தொடச் சொன்னபோது சரியாகத் தொட வரவில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னபோதும் தடுமாற்றம். மாமா எங்களை மணலில் நிற்க வைத்த அதே கால்! அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே நெவாடா மாநிலத்தில் லைசென்ஸ் கொடுத்தார்கள். அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ 1977-லேயே, சிறுநீரகம் கெட ஆரம்பித்துவிட்டது, போதும் என்று எச்சரித்து, யாரும் கேட்காததால் விலகிப் போயிருந்தார். ஹோம்ஸ் சண்டையில் பத்து ரவுண்டு வரைக்கும் அடி வாங்கவிட்டு அதன் பிறகுதான் அலியின் வாத்தியார் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அத்தோடும் விடவில்லை. 1981 டிசம்பரில் நஸ்ஸாவில் டிரெவர் பெர்பிக்கோடு இன்னொரு சண்டை, அதிலும் தோல்வி. மொத்தம் 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி என்று கணக்கு எழுதி மூடினார்கள். 1984-ல் பார்க்கின்சன் என்றார்கள். அலியைச் சுற்றிப் பெரிய கூட்டம் இருந்தது. துண்டு வீச ஒரு கை இல்லாமல் போயிற்று. இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. எங்கள் 'தி ரிங்' இதழ்கள் வந்த கடைகளும் அதோடு போயின. இப்போது புறநகர் ரயில் சூளூர்பேட்டை வரை வருகிறது, அது போய் நிற்பது பழைய மார்க்கெட் இருந்த மண்ணில்தான். அலி ஆடிய ஸ்டேடியத்தை 1993-ல் புதிதாகக் கட்டினார்கள். பரம்பரைச் சண்டைகளும் அடிதடி, அனுமதி மறுப்பு என்று தேய்ந்துபோயின. 2021-ல் இந்தச் சண்டைகளைப் பற்றி இயக்குநர் ரஞ்சித் எடுத்த படம் வந்த பிறகு இளைஞர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். நல்லதுதான்.

1996 ஜூலை, ஒரு சனிக்கிழமை காலை. அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பார்க்க மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தீபத்தை ஏற்றப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை உடுப்பில் அலி வந்து நின்றார். வலது கையில் தீவட்டி. இடது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மாமா அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரு ஸ்டேடியத்தில் அவர் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன கை அது.

அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். கொருக்குப்பேட்டையில் இறங்கி நடந்தோம். வாத்தியார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், பார்வை மங்கல். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். மாமா திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் துண்டு விஷயத்தை ஆரம்பித்தார்.

"எந்தச் சண்ட? நான் எத்தினியோ தபா துண்டு போட்டுக்கிறேன். எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றார் வாத்தியார்.

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் விடாமல், எதிராளி பெயர், மேடை, மழைத்தூறல், முதல் ரவுண்டு, இரண்டாவது ரவுண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ரவுண்டு வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அங்க கைய எறக்கிட்ட. லெஃப்ட்டு கார்டு எறங்கிடுச்சு. அதான் போட்டேன்."

"எறக்கலயே வாத்தியாரே!"

"எறக்கினடா."

மாமா எழுந்து நின்று கார்டு போட்டுக் காண்பித்தார். வாத்தியார் கையைத் தடவிப் பார்த்து, "அன்னிக்கி முட்டி இங்க இருந்துச்சு" என்று நாலு விரற்கடை கீழே இறக்கிவிட்டார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் போன இரண்டு கிழவர்கள் நின்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். வாத்தியார் வீட்டம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தார், மறுபடியும் கொடுத்தார். சூளூர்பேட்டைக்குக் கடைசி வண்டி போய்விடும் என்று நான்தான் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.