கண்டியும் மகாநுவரவும்

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலரைக் கண்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். புகையிரத நிலையத்துப் பெயர்ப்பலகையில் சிங்கள எழுத்தைக் கூட்டி வாசித்த ஒருவன், "சேர், சிங்களத்தில் மகாநுவர என்று இருக்கிறது. அப்படியானால் கண்டி நம்முடைய சொல்தானே?" என்று வினவினான். அவன் முகத்துப் பெருமிதத்தைக் கலைக்க மனம் வரவில்லை. ஆயினும் ஆசிரியன் உண்மை உரைக்க வேண்டுமே!

'கந்த' என்பது மலையைக் குறிக்கும் சிங்களச் சொல். 'கந்த உட பஸ் ரட்ட', அதாவது மலைமேல் ஐந்து நாடுகள், என்பதே இராச்சியத்தின் பெயர். அதன் முதற்சொல் போர்த்துக்கேயர் வாயில் திரிந்து நகரின் பெயராயிற்று. மகாநுவர என்றால் பெருநகர். 'நகர்' என்னும் சொல்லின் உறவே நுவர. ஊரின் பழம்பெயரோ செங்கடகல.

அநுராதபுரமும் பொலன்னறுவையும் சமவெளியில் குளங்களை நம்பி எழுந்த தலைநகரங்கள். 1215 ஆம் ஆண்டில் மாகன் படையெடுத்த பின்னர் அரசிருக்கை தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை எனத் தெற்கே பெயர்ந்தது. கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு 14 ஆம் நூற்றாண்டில் செங்கடகலவை அமைத்தான் என்பது மரபு. அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சேனாசம்மத விக்கிரமபாகு அதைத் தலைநகராக்கினான். மூன்று புறமும் மகாவலி, சூழவும் மலை, அடர்ந்த காடு: இவையே அதன் கோட்டை. 1638 இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயர் படை அழிந்ததற்கு இந்நில அமைப்பும் ஒரு காரணம்.

மாணவன் வாட்டமுற்றதைக் கண்டு தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள பத்தினி தேவாலயத்தைக் காட்டினேன். பத்தினி நம் கண்ணகியே. அருகிலுள்ள நாத தேவாலயம் 14 ஆம் நூற்றாண்டினது. நகரில் இன்றுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது.

1739 இல் நரேந்திரசிங்கன் பட்டத்துரிமையுள்ள மைந்தனின்றி மறைய, தென்னிந்தியாவிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான் முடிசூடினான். அவ்வாறு தொடங்கிய நாயக்கர் வழியின் கடைசி மன்னன், கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வயல்வெளியை மறித்து வாவியை உண்டாக்கியவன் அவனே. அதற்காக மக்களை வருத்தி வேலை வாங்கினான் என்பதையும் மறைக்கலாகாது. 1815 இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர். 1832 இல் வேலூரில் மாண்டான்.

வாவிக்கரையில் முகில்வடிவாக அமைந்த சுவரைத் தடவியபடியே நடந்த அம்மாணவன், அது முற்றுப்பெறாமல் நின்ற இடத்தில் தானும் நின்றான்.

"மிச்சத்தை ஒருவரும் கட்டவில்லையா, சேர்?"