முதல் வார்த்தைக்கு முன்னால்...

குழந்தை முதன்முதலாக "அம்மா" என்று சொன்னால் வீடே கொண்டாடுகிறது. பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்பது எல்லோருடைய எண்ணம். ஆனால் அதற்கான வேலை பிறந்தது முதலே நடக்கிறது.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நமக்கு 'பத்து' வேறு, 'பட்டு' வேறு. இந்தியிலும் இந்த இரண்டு ஒலிகளும் உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளில் 6 முதல் 8 மாதம் வரை உள்ள பெரும்பாலோர் அதைக் கண்டுபிடித்தார்கள்! 10 முதல் 12 மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலர்தான். வீட்டில் கேட்காத ஒலியைக் காது மெல்லக் கைவிடுகிறது.

அப்படியென்றால் டிவியைப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. பேட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் அமெரிக்காவில் இதையும் பார்த்துவிட்டார்கள். 9 மாதக் குழந்தைகளுடன் ஒருவர் நேரில் அமர்ந்து, 25 நிமிடம் வீதம் 12 முறை சீன மொழியில் விளையாடிப் பேசினார். அவர்கள் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை.

இங்கேதான் சோறூட்டும் நேரம் வருகிறது. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு மசித்த உணவு தொடங்கலாம். எட்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்துத் தின்னும். (ஒரு வயது வரை தேன் மட்டும் கூடாது. நாக்கில் தடவுவதும் ஆபத்து.) நிலாவைக் காட்டி ஊட்டிய பாட்டி பேசிக்கொண்டே, குழந்தை வாய் திறக்கும் வரை காத்திருந்தார். குழந்தை "ங்கா" என்றால் பதிலுக்கு ஏதாவது சொன்னார். அதுதான் உரையாடலின் முதல் பாடம். செல்போனைக் காட்டி ஊட்டினால் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், ஆனால் வயிறு நிறைந்ததே குழந்தைக்குத் தெரியாது. பேச்சும் நடக்காது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

இன்னொன்று. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மழலை எழுப்பும். அதனால்தான் பல வீடுகளில் குறை தெரியாமல் போகிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காமல், பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சீக்கிரம் தெரிந்தால், சைகையோ பேச்சோ, மொழி சீக்கிரம் வரும்.