கைக்கேற்ற கோல்

ஒரு சாதனத்தின் மேன்மை அதன் விலையிலும் இல்லை. அதனைப் பிறர் புகழ்வதிலும் இல்லை. அது பிடிப்பவன் கைக்கு உதவுவதிலேயே உள்ளது. கோல்ப் விளையாட்டிற் புதிதாய்ப் புகும் நம்மவர் பலர் இதனை மறந்து விடுகின்றனர்.

துரைமாரின் மைதானத்தில் அவர்தம் பையைச் சுமப்பதே ஒரு காலத்தில் தோட்டத்துத் தமிழர் பெரும்பாலோர்க்கு அவ்விளையாட்டிற் கிடைத்த பங்கு. இன்று கிராணிமாரும் ஆசிரியரும் சொந்தப் பையோடு அங்கே நிற்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் கோலை ஆராய்ந்தன்றோ வாங்குதல் வேண்டும்?

குழிக்கு இன்னும் 180 கெஜம் இருக்கிறது. பழக்கம் குறைந்தவர் எடுக்கவேண்டியது பேர்வே வுட்டா, ஹைபிரிட்டா? இதுவே வினா.

பேர்வே வுட் முன்னாளில் பெர்சிமன் மரத்தாற் செய்யப்பட்டது. இன்று உலோகத்தாற் செய்யினும் மரத்தின் பெயர் நீங்கவில்லை. தலை அகன்றது, தண்டு நீண்டது. 3-ஆம் எண் வுட்டின் நீளம் ஏறத்தாழ 43 அங்குலம். முகச்சாய்வு 15 பாகை. 4-ஆம் எண் ஹைபிரிட்டோ ஏறத்தாழ 40 அங்குலமே. சாய்வு 22 பாகை. வுட்டின் இயல்பையும் இரும்புக் கோலின் இயல்பையும் கலந்து பிறந்தது அது.

தண்டு நீள நீள வீச்சின் வேகம் கூடும். அதனோடு பிழையும் கூடும். பந்து கோல்முகத்தின் நடுவிற் படாவிடில் வேகத்தால் வரும் பயன் யாது? அன்றியும், 15 பாகைச் சாய்வு கொண்டு தரையிற் கிடக்கும் பந்தை மேலெழுப்ப விரைந்த வீச்சு வேண்டும். ஆகவே பழக்கம் குறைந்தவர் 3-ஆம் எண் வுட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவதே நன்று.

அங்ஙனமாயின் வுட் முழுவதும் ஆகாததோ? அன்று. 7-ஆம் எண் வுட்டின் சாய்வு ஏறத்தாழ 21 பாகை. அதன் பாரம் கீழும் பின்னுமாய் அமைந்திருப்பதால், மெல்ல வீசுவோர்க்கும் பந்து எளிதில் உயர்ந்தெழும். விழுமிடத்தில் அதிகம் ஓடாது நிற்கும். செவ்வையாய் வெட்டிய புல்லின்மேற் பந்து கிடப்பின் அது சிறந்த துணையே.

ஆனால் நம் பந்து அங்கேயா கிடக்கிறது? முதல் அடி நேரே செல்லாமையாலன்றோ நாம் பழக்கம் குறைந்தவர் எனப்படுகின்றோம்! ஓரத்து நெடும்புல்லிலும், மழை நனைத்த தரையிலுமே அதனைத் தேடுகின்றோம். அங்கே வுட்டின் அகன்ற தலையைப் புல் பற்றிக்கொள்ளும். ஹைபிரிட்டின் சிறுதலையோ மேலிருந்து இறங்கிப் புல்லை ஊடுருவிச் செல்லும். வலக்கையர் சிலர்க்கு அது பந்தை இடப்புறம் திருப்பும் என்பது மெய்; அதனை வாங்குமுன் அடித்துப் பார்த்துத் தெளியலாம்.

ஆகவே நமது முடிவு இது: ஒன்றே வாங்கப் பணமிருப்பின் முதலில் ஹைபிரிட், பின்னர் வசதி வரின் 7-ஆம் எண் வுட். பந்து கிடக்க நாம் விரும்பும் இடத்தை நோக்காது, அது உண்மையிற் கிடக்கும் இடத்தை நோக்கியே கோலைத் தெரிதல் வேண்டும்.

ஹைபிரிட் கற்றுக்குட்டியின் கோல் என நகைப்போர்க்கு ஒன்று சொல்வோம். 19-ஆம் வயதிலேயே கோல்ப் பழகத் தொடங்கிய கொரியர் ஒய். இ. யாங், 2009-ல் அமெரிக்காவின் ஹேசல்டைன் மைதானத்தில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழிக்கு, 200 கெஜத்துக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து ஹைபிரிட்டாலேயே பந்தைக் கொடியருகே சேர்த்தார். டைகர் வுட்ஸை வென்றார். வெற்றி கண்டவருக்கு இல்லாத வெட்கம் கற்போர்க்கு எதற்கு?

பையில் 14 கோல்களுக்கு மேல் ஆகாதென 1938-ல் அமெரிக்கச் சங்கமும், 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகமும் விதித்தன. அவ்விதி எல்லை வகுத்ததேயன்றி, 14-ம் வாங்கியே தீரவேண்டுமெனக் கட்டளையிடவில்லை. பிறர் பையைப் பார்த்து நம் பையை நிரப்புதல் வீண். நம் கையைப் பார்த்து நிரப்புதலே அறிவு.